மச்சாள் எழுதிய பல்புகள்

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள். என் கணவர். அவருடைய தகப்பன், எனக்கு மாமா, சாய்மனைக் கதிரையில். முன்வீட்டு அக்கா, சீனி வாங்க வந்தவர், கோப்பையோடு நின்றார். நான். பிறகு மச்சாள்.

மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. பெயர் வேண்டாம். என்னைவிட இளையவள். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

மேசையில் ஒரு பல்ப் கிடந்தது. அவள் என்னுடைய மரக்கறி வெட்டுகிற கத்தியை எடுத்து, பல்பின் வெள்ளை மூடியைச் சுற்றிவர நெம்பினாள். கேட்காமல் எடுத்த கத்தி.

"மச்சாள், கத்தி முறியும்."

"முறியாது மச்சாள். உது வெறும் பிளாஸ்ரிக்."

மூடி கழன்றது. உள்ளே நகமளவில் ஒரு பச்சைத் தகடு. அதில் மயிர் மாதிரி வயர்களை ஈயத்தால் ஒட்டினாள். வயர்களின் மற்றப் பக்கம் அவளுடைய பழைய கொம்பியூட்டருக்குப் போனது.

"அண்ணை, இந்த ஒரு வயரை இதிலை முட்டிக்கொண்டு பிடியுங்கோ. நான் சொல்லுமட்டும் எடுக்கப்படாது. ஒருதரும் உதை இப்பிடியே கொண்டுபோய்ச் சுவரிலை கொழுவிப்போடாதேங்கோ. வயரோடை கறண்ட் குடுத்தால் ஆள் முடிஞ்சுது."

என் கணவர் மூச்சுவிடாமல் பிடித்தார். மணவறையில் என் கையை அவ்வளவு கவனமாக அவர் பிடிக்கவில்லை.

கொம்பியூட்டரில் இலக்கங்கள் ஏறின. மாமா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"உது முந்தியும் வெளிச்சம்தானே பிள்ளை தந்தது? இப்ப என்ன செய்யிறாய்?"

"முந்தி உதுக்குள்ளை ஒரு கொம்பனி எழுதினது கிடந்தது அப்பா. எரியட்டோ, நூரட்டோ எண்டு சீனாவிலை அவங்களைக் கேட்டுத்தான் உது எல்லாம் செய்யும். அவங்கள் கடையைப் பூட்டிப்போட்டுப் போட்டாங்கள். இப்ப உது தாய் தகப்பன் இல்லாத பிள்ளை மாதிரி. பழசை அழிச்சுப்போட்டு நான் வேறை எழுதிறன்."

அந்த எழுத்துக்கு ஃபேர்ம்வெயர் என்று பெயர் சொன்னாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்து என்றால் எனக்குக் கொப்பியில் இருப்பது. பல்புக்குள் எழுதலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வயரை எல்லாம் கழற்றி, மூடியை ஒட்டி, பல்பை மேசைக்கு மேலே கொழுவினாள். போனைத் தடவினாள். பல்ப் எரிந்தது. மங்கியது. நூர்ந்தது. திரும்ப எரிந்தது.

"எடி, உது பேய் வேலையடி," என்றார் முன்வீட்டு அக்கா. சீனியை மறந்துபோனார்.

"பாத்தியே?" என்று என் கணவர் என்னைக் கேட்டார். தானே செய்த மாதிரி ஒரு முகம்.

நான் கத்தியைக் கழுவினேன்.

அந்தப் பல்புகளைச் சுன்னாகத்தில் ஒரு கடையில் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். போனில் தட்டினால் எரிகிற பல்ப் என்று விற்றவை. கொம்பனி பூட்டி, போனுக்கு எரியாமல் விட்டபிறகு கடைக்காரன் எறிய வைத்திருந்தான். மற்றவன் எறிய வைத்திருப்பதைக் கண்டால் அவளுக்கு மனம் விடாது.

ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அவள் கேட்பது ஒரு கேள்விதான், அது யார் சொன்னால் கேட்கும் என்று. "இது ஆற்றை சொல்லுக் கேக்குது?"

லண்டனில் இருந்து அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வந்தது. நடந்தால் நடையைக் கணக்குப் பார்க்கிற சாமான். வேறு ஆள் என்றால் அன்றைக்கே கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கும். அவள் கட்டவில்லை. திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். "நான் நடக்கிறதை உது ஆருக்குப் போய்ச் சொல்லுது எண்டு முதல் பாக்கவேணும்," என்றாள். எனக்கு அப்படி ஒரு கடிகாரம் ஒருவரும் அனுப்பவில்லை. நான் நடப்பதை அறிய உலகத்தில் யாருக்கும் ஆசை இல்லை.

கனடாவில் இருந்து ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. படத்தில் வடிவான ஆள். தரகர் படிப்பைச் சொன்னார், வீட்டைச் சொன்னார், காரைச் சொன்னார். அவள் கேட்டாள்: "உவர் ஆற்றை சொல்லுக் கேக்கிறவர்?"

தரகர் பெருமையோடு சொன்னார். "தாய் கீறின கோட்டைத் தாண்டமாட்டார் பிள்ளை."

"அப்ப தாயோடையே இருக்கட்டும். ஏன் குழப்புவான்?"

மாமா இருமி இருமிச் சிரித்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். என்னைப் பொம்பிளை பார்க்க வந்தபோது, "ஓம்" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும்தான் எனக்கு இடம் விட்டிருந்தார்கள்.

நாயையும் சொல்லவேண்டும். நான் சோறு வைக்கிற நாய். அவள் கொழும்பில் வேலையை விட்டுவிட்டு, மாமாவைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்வர என்று வந்தாளே, அந்தக் கிழமையே அது அவளுடைய கதிரைக்குக் கீழே போய்ப் படுத்தது.

மாமாவும் அவளும் இருக்கிற பெரிய வீடும் அவளுடையதுதான். சீதன வீடு, மகளுக்கென்று எழுதினது. ஐந்து அறை. கல்யாணம் கட்டாத ஒருத்திக்கு ஐந்து அறை. நானும் கணவரும் அதே வளவின் பின்பக்கத்தில், இரண்டு அறையில். என்னுடைய சீதன வீடு சண்டையில் போனது. அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

ஆனால் எனக்கு ஒரு வேலை இருந்தது.

சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. ஆட்கள் கனடா, லண்டன், பிரான்ஸ். அதில் ஒன்பது வீட்டுச் சாவி என்னிடம். பொழுதுபட முதல் ஒவ்வொரு வீடாகப் போவேன். கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற சுவிச்சைத் தட்டி, வெளிச்சுவர் லைற்றைப் போடுவேன். விடியப் போய் நூர்ப்பேன். உள்ளே ஆள் இருக்கிற மாதிரிக் கள்ளருக்குத் தெரியவேண்டும். வெள்ளிக்கிழமையில் சாமியறைகளுக்கு விளக்கும் வைப்பேன்.

அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த நேரம் நான் ஒருவருடைய மருமகளும் இல்லை. நான் நடப்பேன், எனக்குப் பின்னால் வீடு வீடாக வெளிச்சம் வரும். தோட்டத்தால் சைக்கிளில் வருகிறவர்கள், "அக்கா லைற்றைப் போட்டிட்டா, பொழுது பட்டிட்டுது," என்பார்கள். அது எனக்குக் காணும்.

மச்சாள் ஒருநாள் என் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

"உந்த வீடுகள் ஆற்றை சொல்லுக் கேக்குது மச்சாள்? கனடாவின்ரையோ?"

"என்ரை," என்றேன்.

"உண்மைதான்," என்றாள். சிரித்தாளோ தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா ஒரு பின்னேரம் செத்துப்போனார். நான் ஒன்பது வீட்டுக்கும் லைற் போட்டுவிட்டு வந்து கால் கழுவுகிறேன், உள்ளே மச்சாளின் குரல் கேட்டது.

அடுத்தநாள் விடிந்தது. ஒன்பது லைற்றும் எரிந்துகொண்டு நின்றன. யார் போய் நூர்ப்பது? எங்களுக்குத் துடக்கு. செத்தவீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை, ஒரு மாதம், மற்ற வீட்டுப் படி ஏறக்கூடாது. சாமியறை இருக்கிற வீடுகள். சுவிச் எல்லாம் உள்ளே. ஒழுங்கையில் பாதிப்பேர் எங்கள் சொந்தம், அவர்களுக்கும் துடக்கு.

துடக்கு இல்லாத ஆள் முன்வீட்டு அக்கா. பந்தலுக்குள் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"சாவியைத் தாவனடி. நான் போய் நூத்துவிடுறன். அந்தியேட்டிமட்டும் நானே பாக்கிறன். உனக்கேன் உந்தக் கரைச்சல்?"

"பாப்பம் அக்கா."

"என்னத்தைப் பாக்கிறது? பட்டப்பகலிலை எரியுது. ஊர் சிரிக்குது."

ஊர் சிரிக்க முதல் அவரே கனடாவுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். அங்கிருந்து கோல் வந்தது. "அக்கா, செத்தவீடு எண்டு விளங்குது. குறை நினையாதேங்கோ. ஆனா ஒரு மாசம் எண்டால் வேறை ஆரிட்டையும் சாவியைக் குடுக்கலாம்தானே?"

கை மாறின சாவி திரும்பி வராது. அதை நான் அறிவேன். ஒன்பதில் நாலு சாவி எனக்கு வந்ததே அப்படித்தான். வைத்திருந்தவள் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க வவுனியாவுக்குப் போன மாதத்தில் என்னிடம் தந்தாள். வந்து கேட்டாள். வீட்டுக்காரர் "இருக்கட்டும்" என்றுவிட்டார்கள்.

சாவிக்கொத்தை மடிக்குள் வைத்துக்கொண்டேன். அடுக்களை மூலையில் இருந்தேன். மச்சாள் வந்து பக்கத்தில் இருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. தகப்பனில் உயிர் அவளுக்கு.

"சாவியை ஒருதருக்கும் குடாதேங்கோ மச்சாள்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சுவிச் எல்லாம் போட்டபடிதானே கிடக்கு?"

"ஓம்."

"பல்ப் வெளிச்சுவரிலைதானே?"

"ஓம்."

"அப்ப ஏன் படி ஏறவேணும்?"

சாம்பல் அள்ளிய அடுத்தநாள் அவள் மேசையில் பெட்டியை வைத்தாள். என் கணவர் மொட்டைத் தலையோடு வந்து வயரைப் பிடித்தார். "தேப்பன் போய் மூண்டு நாளாகேல்லை, பல்ப் உடைக்கிறாளவை," என்று ஒரு சின்னம்மா மற்றவவுக்குச் சொன்னார். கேட்கத்தான் சொன்னார். மச்சாளுக்குக் கேட்டது. அவள் நிமிரவில்லை. அழுதுகொண்டுதான் செய்தாள். மூக்கைத் தோளில் துடைப்பாள், ஈயத்தை வைப்பாள்.

நான் போய்க் கத்தியைக் கொண்டுவந்து வைத்தேன்.

ஒன்பதும் முடிந்தன. ஒன்றைத் திறக்கும்போது மூடி வெடித்தது. வேறு ஒன்று எடுத்தாள். வளவுகளுக்குள் போனோம். நிலத்தில் ஸ்டூலை வைத்து நான் பிடித்தேன். அவள் ஏறி, சீலைத் துண்டால் சூட்டுப் பல்பைக் கழற்றி, தன்னுடையதைப் போட்டாள். ஒரு படியிலும் எங்கள் கால் படவில்லை. போட்ட உடனே எரிந்த ஒவ்வொன்றும், அவள் ஒரு பழைய போனைக் கிட்டக் காட்ட நூர்ந்தது. பகல் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அன்று பின்னேரம் ஒழுங்கைத் தலைப்பில் நின்று பார்த்தேன். ஆறு மணிக்கு ஒன்பது லைற்றும் எரிந்தன. நான் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இது எல்லாம் ஒரே அடியாக வந்தது. நான் போகவில்லை. என்னை ஒருவரும் தேடவுமில்லை. சைக்கிளில் போன ஒருவர், "மச்சாளின்ரை லைற் சோக்கா எரியுது," என்றார்.

சாவி ஒன்பதும் என் இடுப்பில்தான். நன்றி சொல்லவேண்டிய இடம். எனக்கு வயிறு எரிந்தது.

முன்வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் சொன்னார். "இனி உனக்கு றெஸ்ற்தானடி. கால் நீட்டிப் படு."

எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு அன்று சொந்தமெல்லாம் வந்திருந்தது. காலையில் கறண்ட் போனது. பத்து மணிக்கு வந்தது. வந்த உடனே ஒன்பது லைற்றும் பளீர் என்று எரிந்தன. மத்தியானமும் எரிந்தன. நாலு மணிக்கு எல்லாம் நூர்ந்தன. பொழுது பட்டது. ஒழுங்கை இருட்டு.

"உன்ரை மச்சாளின்ரை லைற்றுக்கு விசர் பிடிச்சிட்டுது!" முன்வீட்டு அக்கா கேற்றடியில் இருந்தே கத்தினார்.

நான் சிரித்தேன். துடக்கு வீட்டில் வாய்விட்டுச் சிரித்தது நான் ஒருத்திதான். என் கணவர் முறைத்தார்.

மச்சாள் கோபப்படவில்லை. "அந்த வீடுகளிலை இன்ரநெற் இல்லை. கறண்ட் போனால் பல்புக்கு நேரம் மறந்துபோகும். வாற நேரத்தை நடுச்சாமம் எண்டு நினைக்கும்," என்றாள்.

"அப்ப நீர் எழுதினது பிழை," என்றேன். அவளைப் பார்த்து அதைச் சொல்லக் கிடைத்தது எனக்கு இனித்தது.

"பிழை இல்லை மச்சாள். ஆராவது போய் நேரம் சொல்லவேணும். சொல்லித் தராமல் எல்லாம் ஆருக்குத் தெரியும்?"

மேசை லாச்சியில் இருந்து அந்தப் பழைய போனை எடுத்தாள். கண்ணாடி வெடித்த போன். "இதை ஒன் பண்ணிக்கொண்டு கேற்றடியாலை நடவுங்கோ. பல்ப் இதைக் கண்டவுடனை ரெண்டு தரம் சிமிட்டும். சிமிட்டினால் நேரம் விளங்கிட்டுது எண்டு அர்த்தம்."

"நீரே நடவுமன். உம்மடை பல்ப்தானே."

"என்ரை போனை உதுகள் ஏனெண்டும் கேளாது. இந்தப் போனைத்தான் தேடும். இது உங்களுக்கெண்டு வைச்சது."

"எப்ப வைச்சனீர்?"

"எழுதின அண்டைக்கே."

நான் போனை வாங்கினேன். நடந்தேன். முதலாவது வீட்டுக் கேற்றடியில் நின்றேன். இருட்டுக்குள் பல்ப் இரண்டு தரம் சிமிட்டியது. பிறகு எரிந்தது. அடுத்த வீடு. சிமிட்டியது. எரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, முந்தின மாதிரி.

திரும்பி வந்தபோது அவள் நாயைத் தடவிக்கொண்டு இருந்தாள். "எல்லாம் சிமிட்டினதோ?" என்று கேட்டாள். "ஓம்," என்றேன். எனக்கு இரங்கித்தான் இப்படிச் செய்தாளோ என்று அன்றிரவு யோசித்தேன். இரக்கம் எனக்குப் பிடிக்காது. கெட்டித்தனம் உள்ளவர்கள் இரங்கினால் இன்னும் பிடிக்காது.

அந்தியேட்டி முடிந்தது. கனடா கோல் எடுத்தது.

"அக்கா, லைற் இப்ப தானா எரியுதாம். தங்கச்சி சரியான கெட்டிக்காரி. நீங்கள் இனிப் பின்னேரத்திலை அலையவேண்டாம். சாவியளைப் பற்றி யோசிப்பம்."

"கறண்ட் போனால்?" என்றேன்.

"போனால் என்ன?"

"போனால் நான் வேணும். லைற் என்ரை சொல்லுத்தான் கேக்கும்."

கனடாவோடு நான் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றுதான். பிறகு, "சரி அக்கா, சாவி உங்களிட்டையே இருக்கட்டும்," என்றது. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் மச்சாள் நின்றாள். கேட்டிருப்பாள். அவளுடைய வசனத்தை நான் எடுத்துவிட்டேன் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மாமாவின் ஆண்டுத் திவசம் முடிந்தபிறகு அவள் டென்மார்க்குக்குப் போனாள். தானே பார்த்த ஆள். போனில் பழகினவராம். தாய் உயிரோடு இல்லாதவர். அதைக் கேட்டு என் கணவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

போகிற கிழமை முழுக்க நான் பெரிய வீட்டைக் கூட்டித் துடைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு அறையாக. எங்களை அதில் வந்து இருக்கச் சொல்லுவாள் என்று நினைத்தேன். கணவரும் நினைத்தார். இரண்டுபேரும் வாயால் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

வான் வந்து நின்றது. அவள் வாசற்கதவைப் பூட்டி, சாவியை என் கையில் வைத்தாள். வீட்டைத் தரவில்லை. சாவியைத் தந்தாள்.

"பின்னேரத்திலை வெளி லைற்றைப் போட்டுவிடுங்கோ மச்சாள்."

"ஏன், உதுக்கு எழுதேல்லையோ?"

"இல்லை. அது சும்மா பல்ப்."

"பிறகு அது ஆற்றை சொல்லுக் கேக்கும்?"

அந்தக் கேள்வியை அவளிடமே கேட்டது அன்று ஒருக்காத்தான். வானில் ஒரு காலை வைத்தபடி நின்றாள்.

"போடுற ஆளின்ரை," என்றாள். ஏறிவிட்டாள். நாய் வானுக்குப் பின்னால் ஒழுங்கைத் தலைப்புவரை ஓடியது.

அன்று பின்னேரம் போய்த் திறந்தேன். சுவிச்சைத் தட்டினேன். மஞ்சள் பல்ப், பழைய காலத்து வெளிச்சம். எழுதின பல்ப் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தேன். ஒன்று இருந்தது. மூடி ஒட்டி, அடியில் சின்னத் துண்டு ஒட்டி, அவளுடைய கையெழுத்தில், "எழுதினது." இந்த வீட்டுக்கும் அவள் போட்டிருக்கலாம். போடவில்லை.

கணவரிடம் காட்டினேன்.

"உனக்காகத்தான் விட்டிட்டுப் போயிருக்கிறாள்," என்றார்.

"ஐஞ்சு அறையைப் பூட்டிப்போட்டு, எனக்கு ஒரு சுவிச்சை விட்டிருக்கிறா," என்றேன்.

நான் பல்பைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தேன்.

நாய் இப்போது என்னோடு வருகிறது. வேறு ஆள் இல்லை என்று வருகிறது. ஊர் இன்னும் மச்சாளின்ரை லைற் என்றுதான் சொல்கிறது. கறண்ட் போனால் வெடித்த போனோடு நடக்கிறேன், சிமிட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் டென்மார்க்கில் இருந்து கதைப்பாள். முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. "லைற் எரியுதோ மச்சாள்?" என்பாள். எதைக் கேட்கிறாள் என்று நான் கேட்பதில்லை. "எரியுது," என்பேன்.

இன்றைக்கும் போனேன். தானாக எரிந்தவை ஒன்பது. நான் போட்டது ஒன்று.